மறுக்க முடிந்தவரோடு கூட்டுச் சேர்

மைசூரு

அன்புள்ள தம்பிக்கு,

உன் திட்ட அறிக்கையை முழுக்கப் படித்தேன். பிளிகிரிரங்கன் மலைச் சோலிகர்களிடம் நெல்லிக்காய், எச்.டி. கோட்டை வட்டத்து ஜேனு குறுபர்களிடம் தேன். இரண்டையும் மைசூரில் பதப்படுத்திச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புவது. சரக்குக்குக் கிராக்கி உண்டு. இயந்திரச் செலவையும் சரியாகவே போட்டிருக்கிறாய். ஒன்றுதான் உறுத்தியது. முன்னுரையில் ஆதிவாசிகள் உன் கூட்டாளிகள். கணக்குப் பக்கத்திலோ ‘கச்சாப்பொருள் செலவு’ என்ற ஒரு வரியோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது.

சந்தேபேட்டையில் சீயக்காய், பூந்திக்கொட்டை, கல்பாசி, கடுக்காய் என்று மலைச்சரக்கு விற்றே தலை நரைத்தவன் நான். யார் கூட்டாளி, யார் வெறும் சரக்கு கொடுப்பவர் என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான். உன்னிடம் ‘இந்த விலைக்கு முடியாது’ என்று சொல்லிவிட்டு, அந்த மாதமும் அவர் வீட்டு அடுப்பு எரியுமா? எரியும் என்றால் அவர் கூட்டாளி. எரியாது என்றால், நீ எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவர் உன் கைக்குள் இருப்பவர். ஆகவே, அவர்கள் உன்னை மறுக்கும் வலுவைப் பெறுவதற்கு உன் மூலதனத்தில் ஒரு பங்கைச் செலவழி. வியாபாரி பேசுகிற பேச்சா இது என்று தோன்றும். காரணத்தைச் சொல்கிறேன்.

நாகரஹொளேக் காட்டுக்குள் மூர்க்கல் என்ற இடத்தில் திறக்கப்படாமலே நின்றுபோன விடுதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1990களின் நடுவில் கர்நாடக அரசு அந்த இடத்தைத் தாஜ் குழும நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆதிவாசிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் போராடினார்கள், விவகாரம் நீதிமன்றம் ஏறியது, 1997இல் உயர்நீதிமன்றம் அந்தக் குத்தகை சட்டத்துக்கு முரணானது என்று சொல்லிவிட்டது. பணமும் பெயரும் உள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி. அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்கினால் போதும் என்று நினைக்கிறவன் மூர்க்கலை மறக்கக் கூடாது.

அன்றைக்கு அவர்களுக்குப் போராட்டமும் நீதிமன்றமும்தான் வழி. இன்றைக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கவும், பயன்படுத்தவும், விற்கவும் அது உரிமை தருகிறது. சோலிகர்களுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. 2006 வாக்கில் பிளிகிரிரங்கன் மலையில் விற்பனைக்காகச் சேகரிப்பதற்குத் தடை வந்தது. 2011 தொடக்கத்தில் அந்தக் காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் 25 கிராம சபைகள் சமூக வன உரிமையைப் பெற்றன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

ஆகவே, யாரிடம் பேச்சைத் தொடங்குவது என்பதில் குழப்பம் வேண்டாம். கிராம சபையிடம்தான். பழங்குடியினருக்கான லாம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கொள்முதல் அதன் வழியாக நடக்கலாம். ஆனால் சங்க அலுவலகத்து மேசையில் முடித்துக்கொண்ட பேச்சை, சோலிகர் குடியிருப்பான போடுக்கும் குறுபர் குடியிருப்பான ஹாடிக்கும் போய் அறிவிப்பாகப் படிக்காதே. ஒப்பந்தத்தைக் கன்னடத்தில் எழுது. கூட்டத்தில் வரிவரியாக வாசிக்கச் சொல். ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்றார்களானால் முகம் கோணாமல் திரும்பி வா. அந்தப் பதிலைச் சொல்ல முடிகிற இடத்தில்தான் நீ நல்ல ஒப்பந்தம் போட முடியும்.

நம் பக்கத்து மலையிலேயே பார்த்துப் படிக்க ஓர் உதாரணம் உண்டு. நீலகிரியில் கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு 1993 முதல் வேலை செய்கிற கீஸ்டோன் நிறுவனம், பழங்குடியினரின் தேனுக்கும் மற்ற விளைபொருள்களுக்கும் சந்தை தேடிக் கொடுத்துவந்தது. அந்த வேலையிலிருந்து 2010இல் லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற விற்பனை நிறுவனமும், 2013இல் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனமும் பிறந்தன. ஒன்று கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் பக்கத்தில் நிற்கிறது; மற்றது காட்டுக்கும் தோட்டத்துக்கும் பக்கத்தில் நிற்கிறது. ஆதிமலையின் பங்குதாரர்கள் பழங்குடியினரே. 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது.

பரிசை விட அமைப்பைக் கவனி. உற்பத்தியாளர் நிறுவனத்தில் உற்பத்தி செய்கிறவர் மட்டுமே உறுப்பினராக முடியும். தனிநபர்களே உறுப்பினர்கள் என்றால், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. நீ கோடி ரூபாயோடு போனாலும் உள்ளே நுழைந்து முதலாளியாக முடியாது. வெளியே நின்று விலை பேசத்தான் முடியும். உன் அறிக்கையில் ‘சோலிகர்களுக்கு எங்கள் நிறுவனத்தில் 10 சதவீதப் பங்கு’ என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு. ஆனால் உன் நிறுவனத்தில் பத்து சதவீதம் கிடைப்பதை விட, தங்கள் நிறுவனத்தில் நூறு சதவீதம் வைத்திருப்பதுதான் அவர்களுக்கு வலு.

அதற்கு நேர்மாறாக, நல்ல நோக்கத்தோடு தொடங்கித் தளர்ந்துபோன கதையையும் தெரிந்துகொள். 1987இல் அகத்தியமலைப் பக்கம் போன ஆய்வாளர்களுக்கு, உடன் வந்த காணிக்காரப் பழங்குடியினர் களைப்புத் தீர ஒரு காட்டுச் செடியின் பழத்தைக் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் கொண்டு திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு ஏழாண்டு உரிமம். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீத உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு. 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனால் உரிமத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பிலும் காணிக்காரர் இல்லை. செடியின் இலையைப் பறிக்கவும் வளர்த்து விற்கவும் வனத்துறையோடு இழுபறி. ஒரே மருந்து, ஒரே வாங்குநர் என்றிருந்ததால் உரிமக் காலத்தோடு வருமானத்தின் ஓட்டமும் தளர்ந்தது. தாராளமான பங்கீடு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பங்கு பற்றி இன்னொன்று. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை சொல்கிறது. தனியார் நிறுவனம் என்றால் 51 சதவீதப் பங்காவது அவர்களிடம் இருக்க வேண்டும். ‘ஒரு சோலிகர் பையன் பெயரில் போட்டுவிடலாமே’ என்று உனக்கு யோசனை சொல்ல ஆள் வரும். அது பினாமி வேலை, வாசலோடு அனுப்பிவிடு. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி நிறுவனங்களுக்குச் சான்று கொடுக்கும் சப்ளை நேஷன் அமைப்பு, 51 சதவீதம் பங்கு இருக்கிறதா என்பதோடு விடாமல், நிர்வாகமும் கட்டுப்பாடும் யார் கையில் என்றும் பார்க்கிறது. இந்தத் தந்திரம் எல்லா நாட்டிலும் உண்டு என்பதால்தான் அந்தக் கேள்வி.

இனி அன்றாடக் காரியம். தேன் வியாபாரத்தில் சண்டையெல்லாம் ஈரப்பதத்தில்தான் வரும். மலைத்தேனில் தண்ணீர் கூடுதல். 20 சதவீதத்தைத் தாண்டினால் தர நிர்ணயத்தில் அடிபடும், புளித்தும் போகும். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேனை வைத்து மூடி, வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கினால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு தெரியும். கோடு நிற்கிற எண்தான் ஈரப்பதம். அந்தக் குழலுக்குள் எப்போதும் வாங்குகிறவன் மட்டும்தான் பார்க்கிறான். ‘இருபத்திமூணு இருக்கு, விலையில் கழிச்சுக்குவேன்’ என்று அவன் சொன்னால், பாறையில் தொங்கித் தேன் எடுத்தவருக்கு எதிர்க்கேள்வி கிடையாது. உன் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்: ஒவ்வொரு கொள்முதல் மையத்துக்கும் ஒரு கருவி, ஒரு மின்தராசு, இரண்டும் அவர்கள் சொத்தாக. எடுத்த இடத்திலேயே அவர்கள் அளந்து எழுதட்டும், மைசூரில் நீ அளந்து பார். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் மாதிரியைப் பொது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு 1950 முதல் சி.எஃப்.டி.ஆர்.ஐ. இருக்கும் ஊரில் அதற்கு வழிகேட்க ஆளா இல்லை?

பட்டுவாடாவில் கஞ்சத்தனம் வேண்டாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடு என்கிறது சட்டம். சூப்பர் மார்க்கெட் உனக்கு அதைவிடத் தாமதமாகவே கொடுக்கும். அந்த இடைவெளியை வங்கிக் கடனில் நீ தாங்க வேண்டும், தேன் எடுத்தவர் தாங்கக் கூடாது. முன்பணம் கொடுத்தால் கணக்கில் கழித்துக்கொள். ‘முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் விற்கக் கூடாது’ என்ற நிபந்தனையை மட்டும் சேர்க்காதே. மலைப்பக்கத்தில் பழைய கடன்கட்டு எல்லாம் அந்த ஒரு வரியில்தான் தொடங்கியது.

நெல்லிக்காய்க்கு வருகிறேன். ஆண்டுக்கு இத்தனை டன் என்று போட்டிருக்கிறாயே, அந்த எண்ணை உனக்குக் கொடுத்தவர் மரத்தைப் பார்த்தாரா? காட்டில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, நெல்லியின் இளங்கன்று அதற்குள் எழும்புவதில்லை. வளர்ந்த மரங்களைப் புல்லுருவி பிடிக்கிறது. முன்பு தாங்கள் வைத்த சருகுத் தீ இரண்டையும் அடக்கி வைத்திருந்தது, தீயைத் தடுத்த பிறகுதான் இவை பெருகின என்று சோலிகர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஆண்டு எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவைப் பறவைக்கும் மானுக்கும் முளைப்புக்கும் விட வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். அந்த எண்ணை வைத்து உன் இயந்திரத்தின் அளவைத் தீர்மானி.

மைசூர்த் தமிழர் வீட்டில் பிறந்தவன் நீ, மாகாளிக் கிழங்கு ஊறுகாயையும் பட்டியலில் சேர்த்ததில் வியப்பில்லை. ஆனால் அது வேர். தோண்டி எடுத்தால் பல சமயம் செடியே போய்விடும், காட்டில் அது ஏற்கெனவே அருகிவிட்டது. ‘மாகாளி தர மாட்டோம்’ என்று கிராம சபை சொன்னால் வாதாடாதே. பயிரிட்டுத் தருகிறவர் கிடைத்தால் போடு, இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து எடு.

மறுக்க முடிந்தவரோடு தொழில் செய்வதில் உனக்கு என்ன லாபம் என்று கேட்பாய். அவர் தருகிற எண்ணை நம்பலாம். கலப்படம் வராது, ஏனென்றால் பெயர் கெட்டால் அவர் நிறுவனமும் கெடும். விளைச்சல் குறைகிற ஆண்டில் முன்கூட்டியே சொல்வார். பயந்து சரக்கு கொடுக்கிறவரிடமிருந்து இந்த மூன்றும் கிடைக்காது. சந்தேபேட்டையில் எத்தனையோ கடைகள் இது புரியாமலே மூடியிருக்கின்றன.

அறிக்கையில் ஒரு பத்தி சேர். மூன்று ஆண்டு முடிவில் அவர்களின் சரக்கில் பாதியாவது உன்னைத் தவிர்த்த வாங்குநர்களுக்குப் போக வேண்டும், அந்த வாங்குநர்களை அறிமுகப்படுத்துவது உன் கடமை, எந்தப் பருவத்திலும் ஒரு மாத முன்னறிவிப்போடு அவர்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். இதைப் படித்து வங்கிக்காரர் முகம் சுளிப்பார். அவரிடம் நான் வந்து பேசுகிறேன். நீ முதலில் எழுது.

அன்புடன்,
சந்தேபேட்டை அண்ணன்