பாதயாத்திரை வண்டியில் குடிதண்ணீர்

தைப்பூசத்துக்குப் பழனி, மாசி பங்குனியில் சமயபுரம், செப்டம்பர் தொடக்கத்தில் வேளாங்கண்ணி. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களிலிருந்து கூட்டமாக நடந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வண்டியையும் கூடவே அனுப்புகிறார்கள். டிராக்டரும் டிரெய்லருமாக இருக்கும், அல்லது ஒரு மினி லாரி. அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, தார்ப்பாய், படுக்கை எல்லாவற்றோடும் ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி ஏறும். பழனிக்குப் போகிற ஐந்தாறு நாளும் நாற்பது ஐம்பது பேருக்கு அந்த வண்டிதான் வீடு.

அரிசிக்கும் பருப்புக்கும் மாதக்கணக்கில் திட்டம் போடுகிற குழுக்கள் தண்ணீரை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. மூன்றாம் நாள் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் பெரும்பாலும் காரணம் தண்ணீர், இல்லாவிட்டால் கழுவாத கை. இரண்டையும் வண்டியிலேயே தடுக்க முடியும். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எவ்வளவு தண்ணீர், எத்தனை தொட்டி

தை மாதத்து வெயிலில் நாள் முழுக்க நடக்கிற ஒருவர் நாலிலிருந்து ஐந்து லிட்டர் குடிப்பார். சமையலுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 320 லிட்டர். ஆகவே 500 லிட்டர் தொட்டி ஒன்று குடிக்கவும் சமைக்கவும் தாராளமாகப் போதும், தினமும் ஒருமுறை நிரப்ப வேண்டும். பங்குனி சித்திரையில் நடப்பவர்கள் ஒன்றரை மடங்காகக் கணக்குப் போடுங்கள்.

பாத்திரம் கழுவ, கால் அலம்ப, கை கழுவ வேண்டிய தண்ணீர் வேறு. அதற்கு இன்னொரு தொட்டி வேண்டும். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: குடிக்கிற தண்ணீரும் புழங்குகிற தண்ணீரும் ஒரே தொட்டியில் இருக்கக் கூடாது. குடிதண்ணீர்த் தொட்டியில் பச்சைப் பெயின்டால் ஒரு பட்டை, மற்றதில் சிவப்புப் பட்டை அடித்துவிட்டால் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கும் குழப்பம் வராது.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டி தாங்குகிற பாரமே முக்கால் டன் அளவுதான். சாமான்களோடு இரண்டு தொட்டியும் அதில் ஏற்றினால் பிரேக் பிடிக்காது. டிராக்டர் டிரெய்லர் தாங்கும். ஆனால் அதிலும் ஒரே பெரிய தொட்டியைவிட இரண்டு சின்னத் தொட்டிகளே நல்லது. பாதி நிறைந்த பெரிய தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் மோதி, வளைவில் டிரெய்லரையே இழுத்துவிடும். தொட்டிகளைப் பின்கோடியில் வைக்காமல் சக்கரத்துக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்தள்ளி வைத்து நாலு பக்கமும் கயிறு கட்டுங்கள்.

தொட்டியைத் தேர்ந்தெடுப்பது

வெயில் ஊடுருவாத கறுப்புத் தொட்டியோ பல அடுக்குத் தொட்டியோ வாங்குங்கள். வெளிச்சம் புகுகிற வெள்ளைத் தொட்டியில் சீக்கிரமே பாசி பிடிக்கும். பழைய சாமான் கடையில் கிடைக்கிற நீல டிரம் மலிவுதான். அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாதபோது அது வேண்டவே வேண்டாம். ரசாயனமும் பூச்சிமருந்தும் பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. டிராக்டரோடு டேங்கரை வாடகைக்கு எடுப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, இதுல கடைசியா என்ன ஏத்துனீங்க?" தயங்கிப் பதில் வந்தால் வேறு வண்டி பாருங்கள். டிரெய்லரில் யூரியா மூட்டையோ மருந்தோ ஏற்றியிருந்தால், தொட்டியை ஏற்றுவதற்கு முன் தரையையும் கழுவிவிட வேண்டும்.

குழாயை அடிமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே பொருத்தச் சொல்லுங்கள். அடியில் தங்குகிற மண்டி குவளைக்கு வராது. மண்டியை வெளியேற்ற அடியில் தனியாக ஒரு அடைப்பான் இருக்கட்டும். நாற்பது பேருக்கு ஒரு குழாய் போதாது. வரிசை நீண்டால் யாராவது ஒருவர் மூடியைத் திறந்து சொம்பை விட்டு மொண்டுவிடுவார். மூன்று நாலு குழாய் வைத்துவிட்டு மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். காற்றுத் துளையைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்

முதலில் சோப்புத் தூளும் நீளக் கைப்பிடி பிரஷும் கொண்டு உள்ளே தேய்த்து, நுரை போகும்வரை அலசுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர். 500 லிட்டர் தொட்டிக்கு 75 கிராமிலிருந்து 100 கிராம் வரை தேவை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, தொட்டியை முழுக்க நிரப்புங்கள். எல்லாக் குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். குழாய்க்குள்ளும் மருந்து போய் நிற்க வேண்டும். ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும். காலையில் காய்ந்த தரையில் வடித்துவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். அந்தத் தண்ணீரை ஊருணியிலோ கண்மாயிலோ விடாதீர்கள், மீன் செத்துவிடும்.

கையுறையும் மூக்குக்குத் துணியும் கட்டாயம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்புகிற நச்சு வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

பவுடர் புதிதாக இருக்க வேண்டும். கட்டிதட்டி, வாடையே இல்லாமல் இருந்தால் அதில் வீரியம் போய்விட்டது. நிரப்ப வைத்திருக்கும் ஹோஸையும் இதே மருந்துத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, இரு முனையையும் துணியால் கட்டிச் சுருட்டி வையுங்கள். தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற பச்சை ஹோஸ் இதற்கு ஆகாது.

எங்கே நிரப்புவது

புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்காலத்து ஆறுகள். ஊருணி, கண்மாய், ஆழ்குழாய், பிறகு வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர் ஆகியவற்றை நம்பித்தான் ஊர்கள் இருக்கின்றன. மணமேல்குடிப் பக்கம் கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்க்கும். உட்பகுதியில் பாறை நிலம், பல ஊர்களில் கடினத் தண்ணீர். ஆகவே அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் போகிறவர்கள் ஒவ்வொரு நாளும் எங்கே நிரப்பப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இரண்டு வாரம் முன்பு ஒருவர் பைக்கில் போய், தங்கப் போகும் ஊர்களின் டேங்க் ஆபரேட்டரைப் பார்த்து, எந்த நேரம் தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டு வந்தால் போதும். மருந்து கலந்த ஊராட்சிக் குழாய்த் தண்ணீர்தான் முதல் தேர்வு. திறந்ததும் வருவதைப் பிடிக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

வயல் போர்வெல்லில் குளிக்கலாம், குடிக்க எடுக்காதீர்கள். உரம் இறங்கிய நிலத்து நீரில் நைட்ரேட் இருக்கக்கூடும். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதிகள் உண்டு. அங்கே தெரியாத கிணற்றிலும் போரிலும் நிரப்பவே கூடாது. குளோரின் கிருமியைக் கொல்லுமே தவிர, உப்பையும் உலோகத்தையும் நீக்காது.

பலரும் சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை அது காட்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆனால் மீட்டர் கிருமியைக் காட்டாது. ஐம்பது காட்டுகிற தண்ணீரிலும் காலரா இருக்கலாம். ஆர்.ஓ. தண்ணீரை வாங்கி நிரப்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: அதில் பொதுவாகக் குளோரின் இருக்காது. தொட்டியிலோ ஹோஸிலோ ஒரு துளி அழுக்கு இருந்தாலும் கிருமி தடையில்லாமல் பெருகும். அதற்கும் மருந்து போட்டே ஆக வேண்டும்.

கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிடுங்கள். நம் ஊர்ப் பெண்கள் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்து ஊருணித் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். அருமையான முறை, இன்றும் பலிக்கும். படிகாரமும் அதே வேலையைச் செய்யும். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. தெளிந்த பிறகுதான் மருந்து. கலங்கல் தண்ணீரில் போட்ட மருந்தை அழுக்கே தின்றுவிடும்.

தினசரி மருந்து

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது ஊராட்சித் தொட்டிகளில் கடைப்பிடிக்கும் அளவு. 500 லிட்டருக்கு 2 கிராம். வழியில் தராசு தேட முடியாது. கிளம்புமுன்பே தெரிந்த நகைக்கடைத் தராசில் இரண்டிரண்டு கிராமாக நிறுத்துப் பொட்டலம் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஒரு பொட்டலம். அதையும் கரைத்துத் தெளியவிட்டு ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஊராட்சித் தண்ணீரில் ஏற்கெனவே மருந்து இருந்தால் அரைப் பொட்டலம் போதும்.

போதுமா என்று எப்படித் தெரியும்? டேங்க் ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். குழாயில் பிடித்த தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளே வரவில்லை என்றால் இன்னும் அரைப் பொட்டலம் சேர்த்து, அரை மணி பொறுத்து மறுபடி பாருங்கள். வெயிலில் தொட்டி சூடானால் குளோரின் சீக்கிரம் குறையும். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டால் தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும், மருந்தும் நிற்கும்.

"என்னண்ணே, தண்ணி மருந்து வாடை அடிக்குது" என்று முதல் நாள் நிச்சயம் யாராவது சொல்வார்கள். அந்த வாடை இருக்கிறவரை தண்ணீருக்குக் காவல் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பிடிக்காதவர்கள் பாட்டிலைத் திறந்து சிறிது நேரம் வைத்துக் குடிக்கட்டும். அதற்காக மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

கொடுப்பது

தண்ணீருக்கென்று ஒருவரை நியமியுங்கள். தொட்டிச் சாவி, பொட்டலம், சோதனைப் பெட்டி மூன்றும் அவரிடம் மட்டும். நடப்பவர்கள் ஆளுக்கொரு பாட்டில் வைத்துக்கொண்டு குழாயில் மட்டுமே பிடிக்க வேண்டும். சிவப்புத் தொட்டிக் குழாயருகே சோப்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். கழிப்பிடம் போய் வந்ததும், சாப்பிடுமுன்னும், சமைப்பவர்கள் அடுப்படிக்குப் போகுமுன்னும் கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது.

வழிநெடுக நீர்மோரும் பானகமும் கொடுப்பவர்கள் மனசாரக் கொடுக்கிறார்கள். அதில் ஐஸ் மிதந்தால் மட்டும் கும்பிட்டு நகருங்கள். மீனுக்குப் போடுகிற பாளம் ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாக்கெட் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. உங்கள் வண்டியிலிருந்தும் யாருக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுநீர் குறைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே 108.

வண்டி

தினமும் காலையில் கிளம்புமுன் டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் பின், அதன் குறுக்கே செருகும் கிளிப், டயர், தொட்டிக் கயிறு, பின்பக்கச் சிவப்பு விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். ஒளிரும் ஸ்டிக்கர் பின்புறமும் பக்கவாட்டிலும் ஒட்டியிருக்க வேண்டும். விடியலுக்கு முந்தைய இருட்டில்தான் அதிகம் நடக்கிறோம். நின்றுவிட்ட வண்டியைச் சாலையில் விடாமல் முழுக்க ஓரத்துக்கு இறக்குங்கள். கால் வலிக்கிறது என்று யாரையும் டிரெய்லரில் ஏற்றாதீர்கள். சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. அடுத்த ஊருக்குப் பஸ்ஸில் அனுப்பலாம்.

திரும்பிய பிறகு

இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மிச்சத் தண்ணீரோடு தொட்டியைக் கோயில் கொட்டகையில் வைத்துவிட்டு அடுத்த தைக்குத் திறந்தால் உள்ளே வழவழப்பான படலமும் கொசுப்புழுவும் இருக்கும். திரும்பிய மறுநாளே வடித்து, தேய்த்து, எல்லாக் குழாயையும் திறந்தபடி நிழலில் காயவைத்து, கவிழ்த்துத் துணி கட்டி வையுங்கள்.

அந்தத் தொட்டிக்கு யாத்திரை தவிர இன்னொரு பயனும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்த மாவட்டத்து மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டிகள் வறண்டு, கிராமங்கள் குடிதண்ணீருக்கு வண்டிகளை எதிர்பார்த்துக் கிடந்தன. ஆகவே பாதயாத்திரைக் குழுவினர் ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை தொட்டியை இறக்கி, பிளீச்சிங் பவுடர் விட்டுக் கழுவி, புதுப் பொட்டலங்களோடு ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். புயல் வந்தால் அது ஊருக்கு உதவும், வராவிட்டால் தைக்குத் தயாராக இருக்கும்.