கயலுக்கு, ஈரி ஏரிக் கரையிலிருந்து

டொலிடோ, ஒஹாயோ
நவம்பர் 2025

அன்புள்ள கயல்,

உன் நீண்ட கடிதம் வந்தது. பாதி மேற்படிப்பு, பாதி அமெரிக்க அரசியல். சிவில் முடித்த கையோடு இங்கே சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ். சேர்வதா, பொறியியலையே விட்டுவிட்டு அரசியல் அறிவியலுக்கு மாறுவதா, டிரம்ப் ஆட்சி முடியும்வரை இந்தப் பக்கமே வராமல் இருப்பதா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவும் போனில், "நீ சொன்னாத்தான் கேப்பா, ஒழுங்கா எஞ்சினியரிங்கே படிக்கச் சொல்லு" என்றாள். நானும் அதையேதான் சொல்லப்போகிறேன், ஆனால் அவள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. அரசியல் சோறு போடாது என்பது அவள் காரணம். உனக்கு அரசியல்மீது உண்மையான அக்கறை இருக்கிறது. அதனால்தான் தண்ணீர்ப் படிப்பை விடாதே என்கிறேன்.

உன் கடிதம் முழுக்க வாஷிங்டன்தான் இருக்கிறது. அதிபர் சொன்னது, உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இரு கட்சிகளின் சண்டை. உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பலவற்றில் நானும் உன் பக்கம்தான். ஆனால் இங்கே மனிதர்களின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் அரசியலில் பெரும்பங்கு வாஷிங்டனுக்கு வெளியே நடக்கிறது. குடியுரிமை கிடைத்ததிலிருந்து நான் தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறேன். காலை ஆறரைக்குக் கதவு திறந்தால் இரவு ஏழரைக்குத்தான் மூடுவோம். சாவடி ஊழியர்களில் பாதிக்கு மேல் ஒரே கட்சிக்காரர்கள் இருக்கக் கூடாது என்பது ஒஹாயோ சட்டம். அதனால் என் பக்கத்து நாற்காலியில் எப்போதும் எனக்கு நேரெதிராக வாக்களிக்கும் ஒருவர் இருப்பார். இருவரும் சேர்ந்துதான் சீட்டுகளை எண்ணிக் கணக்கை ஒப்பிடுவோம்.

2024 நவம்பரில் நாங்கள் கொடுத்த வாக்குச்சீட்டில் அதிபர் பதவி மேலே இருந்தது. கீழே இறங்க இறங்க செனட்டர், மாநில நீதிபதிகள், ஷெரிப், சாவின் காரணத்தை விசாரிக்கும் கரோனர், அதோடு கவுண்டிப் பொறியாளர். இங்கே அவரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு நிற்பவர் பதிவு பெற்ற பொறியாளராகவும் பதிவு பெற்ற நில அளவையராகவும் இருக்க வேண்டும். பாலமும் சாலையும் வடிகாலும் அவர் பொறுப்பு. உன் படிப்பும் நீ பேச விரும்பும் அரசியலும் ஒரே வரியில் அச்சாகியிருப்பதை அன்று பார்த்தேன். உன் நினைவுதான் வந்தது.

எங்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. 2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிட்டது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். நமக்குத் தண்ணீர் கெட்டால் கொதிக்கவைத்துத்தானே பழக்கம்? ஆனால் அன்று தண்ணீரில் இருந்தது கிருமியல்ல, நீலப்பச்சைப் பாசி வெளியிடும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகும், நஞ்சு செறிவாகிவிடும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிதண்ணீர் இல்லை. கடைகளில் புட்டித் தண்ணீர் தீர்ந்து, மக்கள் மிச்சிகன் எல்லை தாண்டிப் போய் வாங்கி வந்தார்கள். நேஷனல் கார்டு படையினர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை மேயர் எல்லோர் முன்னாலும் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்றின் கரையில் இது நடந்தது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றதை நீ எழுதியிருந்தாயே, அந்தத் தவிப்பு எனக்குப் புரிந்தது இந்த ஊரில் வாழ்ந்ததால்தான்.

பாசி ஏன் வந்தது என்று கேட்டால் வேதியியல் பதில் எளிது. மௌமீ ஆறு சோள வயல்களிலும் சோயா வயல்களிலும் இட்ட உரத்தையும், கால்நடைப் பண்ணைகளின் எருவையும் மழையோடு அள்ளி வந்து ஏரியின் மேற்கு மூலையில் கொட்டுகிறது. அந்த மூலையின் சராசரி ஆழம் சுமார் இருபத்து நாலு அடிதான். வெயிலும் பாஸ்பரஸும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். சரி, ஏன் யாரும் தடுக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கினால் 1972க்குப் போக வேண்டியிருக்கும்.

1969 ஜூனில் கிளீவ்லாந்தில் கயஹோகா ஆறு தீப்பிடித்தது. எண்ணெய்க் கழிவு மிதந்த ஆறு அது, முன்பும் பலமுறை எரிந்திருக்கிறது. இந்த முறை நாடே பேசியது. அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. உருவாக்கியவர் ரிபப்ளிகன் அதிபர் நிக்சன். 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தபோது, செலவு அதிகம் என்று அதே நிக்சன் அதை வீட்டோ செய்தார். மறுநாளே செனட் 52க்கு 12 என்றும் மக்களவை 247க்கு 23 என்றும் வாக்களித்து அவரை மீறிச் சட்டமாக்கின. அவருடைய கட்சிக்காரர்கள் பலரும் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத ஒற்றுமை. ரிபப்ளிகன்கள் என்றுமே சுற்றுச்சூழலுக்கு எதிரிகள் என்று நீ எழுதியிருக்கும் இடத்தில் இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்.

அந்தச் சட்டம் ஆலைக் குழாய்களையும் நகரச் சாக்கடைகளையும் பிடித்தது. கழிவை ஆற்றில் விடும் ஒவ்வொரு குழாய்க்கும் உரிமம் வேண்டும். அதனால்தான் கயஹோகாவில் இன்று மீன் இருக்கிறது. ஆனால் வயலிலிருந்து மழையோடு வழியும் உரத்துக்கு உரிமம் தேவையில்லை. எங்கள் ஏரி ஒவ்வொரு கோடையிலும் பச்சையாவது இந்த விடுபட்ட இடத்தால்தான். எந்தக் கட்சி ஆண்டாலும் விவசாயிகளைப் பகைத்துக்கொள்ள யாரும் துணியவில்லை. 2019 பிப்ரவரியில் எங்கள் நகர மக்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். ஏரிக்கே சட்ட உரிமை உண்டு என்று வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். நானும் ஆதரித்து வாக்களித்தேன். ஒரு விவசாயக் குடும்பம் வழக்குப் போட, ஓராண்டு கழித்து மத்திய நீதிபதி அதைச் செல்லாது என்றார். விதி தெளிவில்லாமல் இருக்கிறது, எவ்வளவு உரம் இட்டால் குற்றம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு வலித்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி. எந்த வயலிலிருந்து எந்த மழையில் எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது என்று அளந்து, நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய விதியாக எழுதுபவர்கள் வேண்டும். எங்களிடம் ஆர்வம் இருந்தது, அந்த ஆட்கள் போதவில்லை.

நீ அந்த ஆளாக வேண்டும், கண்ணு.

இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பிளின்ட் நகரத்தைப் பற்றி உனக்குத் தெரியும். 2014 ஏப்ரலில், பணம் மிச்சம் என்று, மாநில ஆளுநர் நியமித்த அவசர நிர்வாகியின் கீழ் குடிநீர் மூலத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை, ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயருக்கும் நகரமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. குடியிருப்பவர்கள் பழுப்புத் தண்ணீரைப் புட்டியில் ஏந்திக்கொண்டு கத்தினார்கள், அதிகாரிகள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். 2015இல் வர்ஜீனியா டெக்கின் சிவில் பொறியியல் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும், ஊர் மக்களே எடுத்துக் கொடுத்த மாதிரிகளைச் சோதித்து எண்களை வெளியிட்டார்கள். உள்ளூர்க் குழந்தை மருத்துவர் ஒருவரின் இரத்தப் பரிசோதனைக் கணக்கும் அதோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. அந்த மாணவர்கள் செய்தது பொறியியலா, அரசியலா? பிரிக்க முடியாத அந்த இடத்தில்தான் நீ நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொறியியலோடு பொதுக்கொள்கையிலும் ஒன்றிரண்டு பாடங்கள் எடுக்கப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கும், கேட்டு எடுத்துக்கொள்.

இனிப் பணம். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். எம்.எஸ். படிக்க நாற்பது, ஐம்பது லட்சம் கடன் வாங்கி, எச்-1பி வேலை விசா கிடைத்தால் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதே. உன் துறைக்குப் படிப்பு முடிந்தபின் ஓராண்டும் அதற்கு மேல் இரண்டாண்டும் வேலை செய்ய இப்போதைய விதியில் இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு குலுக்கல்தான். ஆண்டுக்கு 85,000 இடம், விண்ணப்பங்களோ பலமடங்கு. இந்த செப்டம்பரில் ஒரே கையெழுத்தில் புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள். அடுத்த மாதம், இங்கேயே படித்து விசா மாறுபவர்களுக்கு அது இல்லை என்று விளக்கினார்கள். இப்படி ஆடும் தரைமேல் உன் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை வைக்காதே. ஊர்ச் சம்பளத்தில் கட்டி முடிக்க முடியாத கடன் என்றால் வேண்டாம்.

ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதே, பேராசிரியரைப் பார். ஆய்வேடு எழுதும் எம்.எஸ். அல்லது நேராக பிஎச்.டி. கேள். ஆராய்ச்சி உதவியாளர் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தருவார்கள், வாரம் இருபது மணி நேர வேலை. ஆனால் இந்த ஆண்டு மத்திய அரசு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டியதில் பல துறைகள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்துவிட்டன. சுற்றுச்சூழல் முகமை தன் ஆராய்ச்சிப் பிரிவையே கலைப்பதாக ஜூலையில் அறிவித்தது. அதனால் பேராசிரியருக்கு எழுதும்போது, பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று கூச்சப்படாமல் கேள். நல்லவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை பதில் சொல்லப் பெரும்பாலான இடங்களில் அவகாசம் உண்டு, அவசரப்படுத்தினால் பணியாதே. கூடவே நெதர்லாந்தின் தண்ணீர்க் கல்வி நிறுவனமான ஐ.ஹெச்.இ. டெல்ஃப்டுக்கும் சென்னை ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பம் போடு. ஆட்சி மாறட்டும் என்று மூன்றாண்டுக்கு மேல் காத்திருப்பதை மட்டும் செய்யாதே. உன் இருபதுகளை இன்னொரு நாட்டின் தேர்தல் நாள்காட்டியில் கட்டிப்போடக் கூடாது.

நீ ஒளித்துக் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சமூக ஊடகங்களில் இதுவரை எழுதிய பதிவுகளை அழித்துவிடவா என்கிறாய். விசாப் படிவத்தில் ஐந்தாண்டுக்கான சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். இந்த ஜூன் முதல் மாணவர்கள் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் வேண்டும். எந்தக் கணக்கையும் மறைக்காதே, பொய் எழுதாதே. அது கருத்தைவிடப் பெரிய ஆபத்து. கருத்தும் இன்று ஆபத்தாகத்தான் இருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் மாணவர் பத்திரிகையில் மூவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். இந்த மார்ச்சில் முகமூடி போட்ட அதிகாரிகள் அவரைத் தெருவில் பிடித்து லூயிசியானா தடுப்பு மையத்துக்கு அனுப்பினார்கள், ஆறு வாரம் கழித்தே நீதிபதி விடுவித்தார். இந்த நாட்டில் வாழும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945லேயே சொல்லியிருக்கிறது. நடந்தது அநியாயம் என்று நான் நினைக்கிறேன், அப்படியே சொல்லியும் வருகிறேன். ஆனால் நான் குடிமகள், என் நிலை வேறு, உன் நிலை வேறு. நீ வாயை மூடிக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் எவர் முன்னாலும் நின்று காக்கக்கூடியதை மட்டும் எழுது. வசையை விடு, ஆதாரத்தை வை. போராட்டத்துக்குப் போவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேள்.

இன்னும் ஒன்று, இதைப் பலர் சொல்ல மாட்டார்கள். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளராகப் பதிகிறாயா என்று வழக்கமாகக் கேட்பார்கள். வளாகத்தில் அட்டையோடு நிற்கும் பிள்ளைகளும் அன்பாகக் கேட்பார்கள். நான் குடிமகள் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. தெரியாமல் குடிமகள் என்ற கட்டத்தில் டிக் அடித்தாலும் வாழ்நாள் முழுவதும் இந்த நாட்டுக் கதவு மூடிவிடக்கூடும். எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை கொடுக்காதே, சட்டம் தடுக்கிறது. சம்பளம் வாங்காமல் தொண்டராக உதவலாம். நகரமன்றக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், தண்ணீர்க் கட்டணம் பேசும் நாளில் போய் உட்கார். ஒரு பருவத்துப் பாடத்துக்கு மேல் கற்றுக்கொள்வாய்.

ஓட்டுரிமை இல்லாமலேயே அரசியலில் இறங்கிய ஒருவரைச் சொல்கிறேன். தலிப் சிங் சவுந்த் என்று ஒருவர் 1920இல் பஞ்சாபிலிருந்து பெர்க்கிலிக்குப் படிக்க வந்தார். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும் அவருக்குக் கிடைத்த பிழைப்பு கலிபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கில் விவசாயம்தான், ஏனென்றால் இந்தியர்கள் குடியுரிமை பெறவே அன்று சட்டம் இல்லை. அந்தச் சட்டத்தை மாற்ற ஆள் திரட்டினார். 1946இல் மாறியது, 1949இல் குடிமகனானார். 1956இல் அமெரிக்க மக்களவைக்குத் தேர்வான முதல் ஆசியர் அவர்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பயிர் செய்தபடியே கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினார்.

உன் நோக்கக் கட்டுரையின் வரைவைப் பார்த்தேன். வேளச்சேரி ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அளந்த பகுதி அருமை, அதை இன்னும் விரிவாக எழுது. அமெரிக்க ஜனநாயகத்தின் வீழ்ச்சி பற்றிய பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்தக் கருவியில் அளந்தாய், எங்கே முடிவு பொருந்தவில்லை, அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறாய் என்று எழுது. டிசம்பர் 15 விண்ணப்பக் கெடுவுக்கு நாள் அதிகமில்லை. கடன் பற்றி உன் அம்மாவிடமும் அப்பாவிடமும் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரவு எட்டு மணிக்குக் கூப்பிடு, பேராசிரியர்களுக்கு அனுப்பும் மடலைச் சேர்ந்தே திருத்துவோம்.

அன்புடன்,
சித்தி