பாதியாக வெட்டித் தேடுவது

பத்து லட்சம் எண்கள் உள்ள பட்டியலில் தேட பைத்தானில் பைனரி சர்ச் எழுதினேன். சில எண்களுக்கு ப்ரோகிராம் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேசாமல் லீனியர் சர்ச்சுக்கே மாறிவிடட்டுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மாற வேண்டாம், பிழை அநேகமாக ஒரே வரியில்தான். தேடும் பகுதியின் தொடக்கம் லோ, முடிவு ஹை, நடு இடம் மிட் என்று வைத்துக்கொள்வோம். நடு எண் நீங்கள் தேடுவதைவிடச் சிறியது என்றால் ‘லோ = மிட்’ என்று எழுதியிருப்பீர்கள். கடைசியில் இரண்டே எண்கள் மிஞ்சும்போது மிட் மறுபடி லோவிலேயே வந்து நிற்கும், எல்லை நகராது. ‘லோ = மிட் + 1’ என்றும், மறுபக்கம் ‘ஹை = மிட் - 1’ என்றும் மாற்றுங்கள். லோவும் ஹையும் சமமாகும்போதும் லூப் ஒருமுறை ஓட வேண்டும்.

மனம் தளராதீர்கள். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே பைனரி சர்ச்சில் பிழை ஒன்று பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது. லோவையும் ஹையையும் கூட்டும்போது, மிகப் பெரிய பட்டியல்களில், கூட்டுத்தொகை ‘இன்ட்’ என்ற எண் வகைக்குள் கொள்ளாமல் வழிந்தது. அதை ஜாவா நிரலாளர் ஜோஷுவா பிளாக் 2006-இல் விளக்கி எழுதினார். பைத்தானில் அந்தக் கவலை இல்லை.

உழைப்புக்குப் பலன் பெரிது: லீனியர் சர்ச்சில் 10 லட்சம் எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரிடலாம், பைனரி சர்ச்சுக்கு 20 முறை போதும். ஆனால் பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கலைந்த பட்டியலில் ஒரே ஒருமுறை தேட லீனியர் சர்ச்தான் சரி; வரிசைப்படுத்தவே அதைவிட அதிக நேரமாகும்.

தேர்வுக்கு நீங்களே எழுதிப் பழகுங்கள். வேலைக்கு பைத்தானின் ‘பைசெக்ட்’ மாட்யூல் தயாராக இருக்கிறது.