மௌலவிக்கும் டொக்டருக்கும் நடுவே

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ பிரதேச செயலகத்துக்குச் சமூக சேவை உத்தியோகத்தராகவோ உளவளத்துணை உதவியாளராகவோ நியமனம் கிடைத்திருக்கிறதா? மார்க்கத்தை வேலைக்குள் கொண்டுவருவது சரியா, தவறா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேற்றைத் திறக்குமுன்பே அது விறாந்தையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் அது ஆளைத் தாங்கிப் பிடிக்கிறதா, அமுக்கிப் பிடிக்கிறதா என்று கண்டுகொள்வதுதான் உங்கள் தொழில். ஒரே வீட்டில் இரண்டும் நடக்கலாம்.

இதைக் கற்றுக்கொடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கும் மேல். ஜனாஸாக்களைக் கூட்டாக அடக்க வேண்டி வந்தது. தண்ணீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற நபிமொழி அன்று எத்தனையோ உம்மாமாரை எழுந்து நடக்க வைத்தது. அதே நாட்களில் ‘நம்மட பாவத்துக்கு வந்த தண்டனை’ என்ற பேச்சும் ஊரில் உலாவியது. பிள்ளையின் கை தன் கையிலிருந்து நழுவியதைப் பார்த்த தாய் அதைக் கேட்டுக்கொண்டு எப்படித் தூங்குவாள்?

மதத்தைப் பிடித்துக்கொண்டு துன்பத்தைக் கடப்பதில் உதவுகிற வழியும் உண்டு, ஆளை இன்னும் கீழே இழுக்கிற வழியும் உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் 1997இல் விரிவாக எழுதினார். ‘அல்லாஹ் கூட இருக்கிறான்’ என்பது முதல் வகை. ‘என்னைக் கைவிட்டுட்டான்’ என்பது இரண்டாவது. இரண்டாவது காதில் விழுந்தால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். ‘ஆரு உங்களுக்கு அப்படிச் சொன்ன?’ என்று கேளுங்கள். சொன்னது பெரும்பாலும் மாமியாகவோ மச்சானாகவோ இருக்கும். அதை மறுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல. ஊர் மதிக்கிற ஒரு மௌலவி. தேவை வந்த அன்று ஆள் தேடி ஓடாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அப்படிப்பட்டவர்களைப் பழக்கம் பிடித்து வையுங்கள். ‘டொக்டரிட்டயும் காட்டுங்க’ என்று தானாகச் சொல்கிறவர், கேட்டதை வெளியில் கதைக்காதவர்: இந்த இரண்டு தகுதியும் போதும், பட்டம் பதவி பிறகு.

ஒருவர் மட்டும் போதாது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் ஆண்டுதோறும் கொடியேறும். நேர்ச்சை வைத்து அங்கே போகிற உம்மாவும், அதை ஷிர்க் என்று சொல்கிற மகனும் ஒரே சட்டியில் சோறு தின்பார்கள். மௌத்தான வீட்டில் மூன்றாம் நாள் கத்தம் உண்டா என்று கேட்டால் ஒரு மகள் நேரத்தைச் சொல்வாள், மற்றவள் முகத்தைத் திருப்புவாள். எனவே தரீக்காப் பக்கம் ஒருவர், தவ்ஹீத் பக்கம் ஒருவர் உங்கள் போனில் இருக்கட்டும். உங்கள் சொந்தக் கொள்கையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

இனி, கேட்பது எப்படி? கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் நான்கு கேள்விகளை ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறார்: உங்கள் நம்பிக்கை எது, அது வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், கூட நிற்கிற சமூகம் எது, இதில் நான் கவனிக்க வேண்டியது என்ன. முதல் கேள்வியை இங்கே அப்படியே கேட்டால் ‘இதென்ன மிஸ், நாங்க முஸ்லிம்தானே’ என்று சிரிப்பார்கள். ‘மனசு பாரமாயிருக்கக்குள்ள என்ன செய்வீங்க, ராத்தா?’ என்று தொடங்குங்கள். மூன்றாவதை ‘பள்ளியால ஆரும் வந்து பாத்தாங்களா?’ என்று கேட்கலாம். நான்காவதை எப்படியாவது கேட்டுவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

‘தொழுறீங்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அது விசாரணை, பதிலும் ‘ஓம்’ என்றுதான் வரும். ‘தொழக்குள்ள மனசு நிக்குதா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்ல மகள், ஓதினாலும் ஒண்டும் ஒட்டுதில்ல, சும்மா குனிஞ்சு நிமிர்றன்’ என்று ஒரு மூத்தம்மா சொன்னால், அவருடைய ஈமானை அளக்க வேண்டாம். நித்திரை, பசி, ஆட்களோடு கதைப்பது எப்படி என்று கேளுங்கள். உயிரை வெறுத்த எண்ணம் வருகிறதா என்றும் நேராகவே கேளுங்கள். தற்கொலை ஹராம் என்பதால் இந்த வீடுகளில் அதை மறைப்பார்கள், பொலிஸுக்குப் பயந்தும் மறைப்பார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல என்று குடும்பத்துக்குச் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகுதான் பல வாய்கள் திறக்கும்.

அடி வாங்குகிற பெண்ணிடம் பள்ளி, உறவு, அக்கம்பக்கம் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: ஸபுர் செய்யுங்க. நீங்களும் அந்த வரிசையில் சேராதீர்கள். மையித்து வீட்டில் ஸபுர் மருந்து. அடிக்கிறவன் வீட்டில் அது அவனுக்குக் கொடுக்கிற லைசென்ஸ். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவனை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவும் அதில் வழியுண்டு. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951இலிருந்து இருக்கிறது. மனைவி காதி நீதிமன்றத்தில் பஸஹ் விவாகரத்துக் கேட்கலாம். இவை ஒருபக்கம். இந்தக் கரைக்கே உரிய பலம் இன்னொன்று: இங்கே சீதனமாக வீட்டை மகளுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் குடிவருவார். வெளியேற வேண்டியவள் அவள் அல்ல. ஆனால் உறுதியை வாங்கிப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் புருஷனின் பெயர் விழுந்துவிட்டது.

கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள், கர்ப்பிணியென்றால் பிரசவம்வரை. அஸ்வெசுமவோ வேறு கொடுப்பனவோ, கையொப்பத்துக்கு ஒப்பிஸுக்கு வரச்சொல்லாதீர்கள். பெண் உத்தியோகத்தரிடம் படிவத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

கொவிட் காலத்தில் உறவை எரிக்கக் கொடுத்த குடும்பங்களை இன்னும் சந்திப்பீர்கள். 2020 ஏப்ரலில் வந்த கட்டாயத் தகன விதி 2021 பெப்ரவரியில்தான் நீங்கியது. அரசு மன்னிப்புக் கேட்க 2024 ஆகிவிட்டது. குளிப்பாட்டவில்லை, கஃபனிடவில்லை, தொழுவிக்கவில்லை என்ற குற்றவுணர்வைப் பேச்சால் மட்டும் கரைக்க முடியாது. ஷாஃபி மத்ஹபில், உடல் முன்னால் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸாவுக்கு இடமுண்டு. அந்தக் குடும்பம் விரும்பினால் மௌலவியோடு பேசி ஒழுங்கு செய்து கொடுங்கள். பத்துத் தடவை கவுன்சிலிங் செய்வதைவிட அது உதவும் என்பது என் கணிப்பு.

ஜின் பிடித்திருக்கிறது, செய்வினை என்று கூட்டிவருவார்கள். ஜின் இருக்கிறதா என்ற வாதத்துக்குள் இறங்கினால் அன்றோடு அந்த வீட்டுக் கதவு அடைத்துவிடும். ‘ஓதிப் பாருங்க, கிளினிக் குளிசையையும் நிப்பாட்ட வேணாம்’ என்ற ஒரு வசனம் போதும். அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது, பெண்ணைத் தனியறையில் ஓதுகிறவரோடு விடுவது, இவற்றில் ஒன்று நடந்தாலும் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை, உடனே தலையிடுங்கள். நோன்பு பிறக்குமுன் மனநல நோயாளிகளின் மருந்து நேரத்தை டொக்டரோடு பேசி மாற்றி வையுங்கள். லிதியம் எடுப்பவர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலிருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்று உங்கள் மௌலவி சொன்னால் கேட்பார்கள். நீங்கள் சொன்னால் சந்தேகப்படுவார்கள்.

கோவையில் என்ன எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். ஈஸ்டர் தாக்குதல்களைத் தொடர்ந்து 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வீடொன்றில் குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் இறந்த பிறகு, எந்தப் பள்ளிக்குப் போகிறீர்கள், எந்த ஜமாஅத் என்று அரச ஊழியர் கேட்டால் இங்கே யாருக்கும் வயிறு கலங்கும். ‘மார்க்க ஆதரவு உண்டு; மௌலவி ஒருவரோடு தொடர்பு விரும்புகிறார்’ என்று எழுதினால் போதும். இயக்கத்தின் பெயர் கோவைக்குள் போக வேண்டியதில்லை.

அவர்கள் துஆ கேட்டுக் கையேந்தினால் ஆமீன் சொல்லலாம். நீங்களாகத் தொடங்கிப் பயான் செய்வது வேலையல்ல. இதே அளவுகோல் பக்கத்துத் தமிழ் ஊர்களான பாண்டிருப்புக்கும் காரைதீவுக்கும் பொருந்தும். போர்க்காலத்தில் காணாமற்போன பிள்ளைக்காக அம்மன் கோயிலில் வாக்குக் கேட்ட மட்டக்களப்புப் பக்கத் தாய்மாரைப் பற்றி மானிடவியலாளர் பற்றிசியா லோரன்ஸ் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் மனதை அமைதிப்படுத்தும் பயிற்சியில் இந்துக்களுக்கு ஓம், முஸ்லிம்களுக்கு சுப்ஹானல்லாஹ் என்று அவரவர் சொல்லையே கொடுத்தார். வீட்டுக்குப் போகும் நாளையும் இதேபோல் அவரவர் நாட்காட்டியைப் பார்த்துக் குறியுங்கள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு நாட்களில் ஆள் கிடைக்காது. ரமழானில் அஸருக்குப் பிறகு போகாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கஞ்சிக்கு வரிசையில் நிற்பார்கள், உம்மா குசினியில் நிற்பார்.