வியாதியை விசாரிக்கும் முறைகள்

கிராமத்தில் ஒரு வியாதியை ஆராயும் முறைகள் பல உள. அவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கூறுதல் இயலாது. கேள்வி எதுவோ, அதற்கேற்ற முறையே சிறந்ததாகும்.

1. எத்தனை பேருக்கு வியாதி உளது? இதனை அறிய, வீடுதோறும் ஒரே காலத்தில் கணக்கெடுத்தல் போதும். இது தொகையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது.

2. திடீரென வந்த வியாதிக்குக் காரணம் யாது? பரவையில் சிலருக்கு வயிற்றுப்போக்குக் கண்டதென்று வைத்துக்கொள்க. நோயாளிகள் யாவரும் ஒரே கிணற்று நீரை அருந்தினர் என்பது மட்டும் போதாது. நோயுறாதாரையும் அவ்வாறே விசாரித்தல் வேண்டும். அவர்களும் அந்நீரையே அருந்தியிருப்பின், குற்றம் வேறிடத்தில் இருக்கலாம்.

3. நாளடைவில் வரும் வியாதிக்குக் காரணம் யாது? புகையிலை மெல்லுவோர், மெல்லாதோர் ஆகிய இரு சாராரையும் பதிவு செய்து பல்லாண்டு கவனித்தல் வேண்டும். தீங்கென்று ஐயுறப்படுவதைப் பரீட்சைக்காக ஒருவருக்குக் கொடுத்தல் அறமன்று. ஆதலின் இம்முறையே தக்கது.

4. மருந்து பயன் தருமா? புது விதையை நல்ல வயலிலும் பழைய விதையைக் களர் நிலத்திலும் விதைத்து மகசூலை ஒப்பிடுவார் இலர். மருந்து பெறுவோரும் பெறாதோரும் மற்றெல்லாவற்றிலும் ஒத்திருத்தல் வேண்டும். அதற்குத் திருவுளச் சீட்டே தக்க வழி.

இதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. மாலைக்கண் உற்ற குழந்தைகள் அதிகமாக இறக்கின்றனர் என்பது இந்தோனேஷியாவில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததால் 1983-இல் வெளியாயிற்று. ஆயினும் அக்குழந்தைகள் பெரும்பாலும் ஏழைகள். மரணத்திற்குக் காரணம் வறுமையா, 'ஏ' வைட்டமின் என்னும் ஜீவசத்தின் குறைவா? கவனித்தல் மட்டும் இதற்கு விடை தரவில்லை.

ஆகவே மதுரை அரவிந்த் ஸ்தாபனத்தைச் சார்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லாவும் பிறரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 15,419 குழந்தைகளைக் கொண்டு பரீட்சை செய்தனர். குழந்தைகள் வசிக்கும் பகுதிகள் திருவுளச் சீட்டு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஓராண்டு வரை வாரந்தோறும் எல்லாருக்கும் 'ஈ' வைட்டமின் சொட்டு மருந்து தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அதனுடன் 'ஏ' வைட்டமினும் சேர்க்கப்பட்டது. எவருக்கு எது என்பது மறைக்கப்பட்டிருந்தது. 'ஏ' வைட்டமின் பெற்றோரிடையே மரணம் 54 சதவிகிதம் குறைந்தது. இம்முடிவு 1990-இல் பிரசுரமாயிற்று. ஜீவசத்துக் குறைவு மிகுந்த பிரதேசத்தில் கண்ட பலன் இது. குறைவில்லாத இடத்திற்கும் இதுவே பொருந்தும் என்று கொள்ளலாகாது.

ஆதலின் சங்க அங்கத்தினர்கள், தம் ஊருக்குக் கணக்கெடுக்க வருவோரிடம், அறிய விரும்புவது எதுவென்றும், எவரோடு எவர் ஒப்பிடப்படுவர் என்றும் வினவுக. பிறப்பு இறப்புகளைத் தவறாது பதிவு செய்விக்க. பிழைபட்ட கணக்கிலிருந்து எம்முறையும் உண்மையைத் தாராது.