பாதியில் நிற்கும் படிப்பு

ஜொகூரில் உயர்கல்விக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், தங்காக்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி, பாசிர் கூடாங்கில் பாலிடெக்னிக் ஆகியவற்றுடன் பல தனியார் கல்லூரிகளும் இங்கு உள்ளன. ஆயினும், இடம் கிடைத்துச் சேர்ந்த மாணவர்களுள் சிலர் பாதியிலேயே வெளியேறிவிடுகின்றனர். "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று அக்கம்பக்கத்தார் ஒரே வரியில் முடித்துவிடுவர். உண்மைக் காரணங்களை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஜொகூர் மாணவருக்கு மற்ற மாநிலத்தவருக்கு இல்லாத ஓர் ஈர்ப்பு உண்டு. அதுதான் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம். 1973-ஆம் ஆண்டு வரை இரு நாட்டு நாணயங்களும் சம மதிப்பில் மாற்றிக்கொள்ளப்பட்டன. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. அக்கரையில் ஒருவர் மாதம் 1,800 வெள்ளி ஈட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது இங்கே 5,400 ரிங்கிட்டைத் தாண்டும். 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு, மூன்றாண்டு டிப்ளோமா மிக நீண்டதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவனைப் பேராசைக்காரன் என்று சொல்வது நியாயமாகாது. பல வீடுகளில் அந்தப் பணம் வாடகைக்கும் தம்பி தங்கையரின் பள்ளிச் செலவுக்கும் போகிறது.

இந்த ஈர்ப்பு கல்லூரியில் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவு வருவதற்கும், பின்னர்க் கல்லூரி திறப்பதற்கும் சில மாதங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில் பலர் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைக்குச் செல்கின்றனர். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலையும் தனக்குக் கைப்பேசியும் வாங்கியவர், மீண்டும் கைச்செலவுக்குத் தந்தையிடம் கேட்க வேண்டிய நிலைக்குத் திரும்புவது கடினம்.

அடுத்தது மொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் பயின்றவர் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறார். பல கல்லூரிகளில் விரிவுரையும் நூல்களும் ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்றாவது பயிற்றுமொழி! கணக்கில் தேர்ந்த மாணவரும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரியாமல் முதல் தவணையில் தடுமாறுவதுண்டு. பொதுப் பல்கலைக்கழகங்களில் சராசரிப் புள்ளி 2.00-க்குக் கீழ் இறங்கினால் பொதுவாக எச்சரிக்கை நிலைக்கு உள்ளாவர்.

1997-இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பலருக்குக் கைகொடுக்கிறது. எனினும், அதன் பெரும்பகுதி பொதுவாக மாணவர் பதிவு செய்த பின்னரே கைக்கு வருகிறது. பதிவுக் கட்டணம், விடுதி, பேருந்து, சாப்பாடு ஆகிய செலவுகளோ முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடுகின்றன. அந்தச் சில வாரங்களைச் சமாளிக்கப் பகுதிநேர வேலைக்குச் சென்று, வகுப்பைத் தவறவிட்டு, பிறகு பின்தங்கியவர்களும் உண்டு.

இக்காரணங்கள் ஒவ்வொன்றையும் தாங்கிக்கொண்டு படித்து முடித்தவர்களும் இருக்கிறார்களே! அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. கல்லூரியின் பாடங்களோடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்டிக்கொள்ளும் மாணவர் தங்குகிறார். ஒட்டாதவர் மெல்ல விலகுகிறார் என்பது அவர் கருத்து. ஆகவே, ஒருவர் வெளியேறும் நாளுக்கு வெகுமுன்பே அறிகுறிகள் தெரியும். முதலில் காலை வகுப்புகளுக்கு வருவது நிற்கும். பின்பு குழுப்பணியில் பெயர் மட்டும் இருக்கும். நண்பர்களின் புலனச் செய்திகளுக்குப் பதில் வராது. பெற்றோருக்குப் பெரும்பாலும் இறுதியில்தான் தெரிய வருகிறது.

இந்நிலையில் இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் மிகப் பெரிய இழப்பைத் தருகிறது. பெற்ற கடனைப் படிப்பு முடியாவிட்டாலும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். மாறாக, நோயோ குடும்ப நெருக்கடியோ ஏற்பட்டால் முறைப்படி விண்ணப்பித்து ஒரு தவணைக்குப் படிப்பை ஒத்திவைக்கப் பெரும்பாலான உயர்கல்விக்கூடங்களின் விதிகள் இடமளிக்கின்றன. பொருந்தாத துறையில் சேர்ந்தவர் துறைமாற்றம் பற்றியும் கேட்டறியலாம். இவற்றுக்கு மாணவர் விவகாரப் பிரிவையோ கல்வி ஆலோசகரையோ அணுக வேண்டும். அதுவும் தேர்வுக்கு முந்திய வாரத்தில் அல்லாமல், வகுப்பைத் தவறவிடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே.