ஓடிய வண்டியை வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். 2012 மாடல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், சிவப்பு நிறம், ஒரே ஓனர், 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஷெட்டிலேயே நின்ற வண்டி. இதைவிட நல்லது கிடைக்காது, இன்றைக்கே அட்வான்ஸ் போட்டுவிடட்டுமா என்று கேட்கிறாய். போடாதே. அந்த வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் எந்த வண்டியைப் பற்றியும் சொல்ல முடியாது. ஆனால் உன்னை மயக்கிய அந்த 9,000தான் என்னை யோசிக்க வைக்கிறது.

நெடுந்தூரம் போவதற்கென்று செய்த வண்டி இத்தனை வருடத்தில் அவ்வளவுதான் ஓடியது என்றால், பெரும்பாலான நாட்கள் அது சும்மா நின்றிருக்கிறது. நிற்கிற வண்டிக்கு என்ன ஆகும் தெரியுமா? டேங்கில் பாதி பெட்ரோல் என்றால் மீதி இடம் முழுக்க ஈரக்காற்று. மேல் தகடு உள்பக்கமாகத் துருப்பிடிக்கும். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. அந்தத் துரு பெட்ரோல் பம்பின் ஃபில்டருக்குப் போகும். பழைய பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதை நிற்கிற வண்டிக்கு யாரும் மாற்றுவதில்லை, கடைசியில் காலிப்பர் பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். முன் போர்க்கின் ஆயில் சீல் காய்ந்து, நீ வாங்கிய முதல் மாதமே கசியும். டயர்தான் இவற்றில் பெரிய ஏமாற்று. பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரியும், ரப்பரோ கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும், தேடிப் படி. 2215 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. அப்படிப்பட்ட டயரோடு மழையில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க நான் உன்னை விடமாட்டேன்.

ஆகவே ‘டாக்டர் ஓட்டிய வண்டி’, ‘வாரம் ஒருநாள் எடுத்த வண்டி’ என்பவற்றைவிட, 45,000 கிலோமீட்டர் ஓடி, சர்வீஸ் பில்களை வரிசையாக ஃபைல் போட்டு வைத்திருக்கும் ஒருவரின் வண்டியைத்தான் நான் விரும்புவேன். எந்த மாதம் ஆயில் மாற்றினார், செயின் ஸ்பிராக்கெட் எப்போது போட்டார், கூலண்ட் எப்போது ஊற்றினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பில் இல்லாவிட்டாலும் பேச்சில் தெரியும். வண்டியின் குறைகளை நீ கேட்பதற்கு முன்பே சொல்பவர் நல்ல விற்பனையாளர். மீட்டரை மாற்ற முடியும், ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் தேய்மானத்தை யாரும் மாற்றி வைக்க மெனக்கெடுவதில்லை. கால் வைக்கும் ரப்பர், கைப்பிடி, பிரேக் பெடலின் நுனி, டிஸ்கின் ஓரத்தில் எழும்பிய விளிம்பு ஆகியவை மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்.

எந்த மாடல் என்ற கேள்விக்கு வருகிறேன். நம் பட்ஜெட்டில், நம் சாலைகளில், பழைய ஸ்போர்ட் டூரர் என்றால் இரண்டு பெயர்களைத்தான் முதலில் சொல்வேன். ஒன்று 2003இல் வந்த கரிஸ்மா. 223 சிசி, 17 குதிரைத் திறன், ஐந்து கியர், 15 லிட்டர் டேங்க். இன்றைய கணக்கில் வேகம் குறைவு. ஆனால் கார்புரேட்டர் வைத்த அந்த இன்ஜினைச் சின்ன ஊர் மெக்கானிக்கூடப் பிரித்துப் பூட்டுவார். 2009இல் வந்த கரிஸ்மா இசட்எம்ஆர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அதை எல்லாரும் தொடமாட்டார்கள்.

இன்னொன்று நீ கேட்கும் சிபிஆர். 2011இல் இங்கே வந்து, பி.எஸ்.6 விதி வந்த 2020இல் நின்றுபோனது. ஹோண்டாவின் பெரிய விஎஃப்ஆர் 1200எஃப் வண்டியின் முகச்சாயல் அதற்கு உண்டு, குணத்திலும் அந்தப் பரம்பரைதான்: லிக்விட் கூலிங், ஆறு கியர், முதுகை வளைக்காத உட்காரும் நிலை, நாள் முழுக்க 90, 100இல் சலிக்காமல் ஓடும் இன்ஜின். என் தீர்ப்பு சிபிஆர்தான், ஒரு நிபந்தனையோடு. வாங்குவதற்கு முன் உன் ஊர் மெக்கானிக்கிடமும் ஹோண்டா ஸ்பேர்ஸ் கவுண்டரிலும் போய், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் சீல், ஃபேரிங் இவையெல்லாம் கிடைக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று கேள். சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. தர்மபுரியில் இருக்கும் உனக்கு அது ஒரு நாள் வேலை. பழைய 650 நிஞ்சா மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதே. வாங்கும் விலைதான் இறங்கியிருக்கிறது, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை.

இந்த வகை வண்டிகளில் ஃபேரிங் காற்றைத் தடுக்கும், விழுந்த கதையையும் மறைக்கும். அதனால் பெயிண்டைப் பார்த்து முடிவு செய்யாதே. ஹேண்டில் முனைகள், லீவர்களின் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம், இன்ஜின் கவரின் பக்கங்கள் ஆகியவற்றில் உராய்வுத் தடம் தேடு. ஃபேரிங் ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா, கொக்கிகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பார். பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது ஃப்ரேமில் முட்டி நிற்கும் இடத்தை டார்ச் அடித்துப் பார். முன்பக்கம் பலமாக மோதிய வண்டியில் அந்த இடம் நசுங்கியிருக்கும். அதை யாரும் பெயிண்ட் அடித்து ஒளிப்பதில்லை. நசுங்கியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்ல அசைத்தால் நடுவில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறதா? அது கோன்செட். அதை மாற்றிவிடலாம், விலையில் குறைத்துக்கொள்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மனதில் வை. சீட்டைக் கழற்றி, ஒயரிங் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா, மூலைகளில் சேற்றின் வண்டல் இருக்கிறதா என்று பார்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் போக வேண்டும். போனதும் இன்ஜினில் கை வை. சூடாக இருந்தால் உனக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாவியைத் திருப்பியதும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் விளக்கு எரிந்து அணைய வேண்டும். சி-ஏபிஎஸ் மாடலாக இருந்தால் ஏபிஎஸ் விளக்கும் எரிய வேண்டும், வண்டி நகர்ந்த பிறகு அது அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஏபிஎஸ் யூனிட் விலை உன் பட்ஜெட்டை உடைத்துவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால்போல் வெளுத்திருக்கக் கூடாது. கூலண்ட் டப்பாவில் பழுப்பு நிறத் தண்ணீர் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும்வரை ஓடவிடு. சூடான பிறகு முறுக்கினால் நீலப்புகை வருகிறதா என்று பின்னால் நின்று பார்க்க ஒருவரைக் கூட்டிப் போ.

ஒரு மல்டிமீட்டரும் எடுத்துப் போ. இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் முறுக்கிய நிலையில், பேட்டரியில் பதிமூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் வோல்ட் வர வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஸ்டேட்டரோ ரெகுலேட்டரோ போய்க்கொண்டிருக்கிறது. இரவில் ஆளில்லாத சாலையில் வண்டி சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

காகிதங்களைப் பற்றி. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் நீயே ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் படி. பைனான்ஸ் பெயர் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் இல்லாமல் பணம் தராதே. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். பாண்டிச்சேரி, பெங்களூரு பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28 வாங்கி, இங்கே மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பதிவு செய்து 15 வருடம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 2012 வண்டிக்கு அந்தத் தேதி எப்போது என்று ஆர்.சி.யிலேயே இருக்கும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று. பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பரிவாகனில் பார்த்துவிடு.

கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாதே. இரண்டு டயர், செயின் செட், பேட்டரி, எல்லா ஆயில்களும் கூலண்டும், பிரேக் பேட் என்று வாங்கிய வாரமே அது கரையும், கரையட்டும். ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட்டுக்கான பணம் இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

எந்த வண்டியைப் பார்க்கப் போவதானாலும் அதன் ஆர்.சி.யின் இரண்டு பக்கப் படத்தையும் முதலில் எனக்கு அனுப்பு. ஞாயிறு காலைகளில் நான் சும்மாதான் இருப்பேன், கூட வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்